பிரிவு 132

துப்பாக்கிச் சூடுகளைப் பற்றி எழுதுகிறவர்கள் வழக்கமாக இறந்தவர்களின் எண்ணிக்கையிலிருந்து தொடங்குவார்கள். நான் ஒரு சட்டப்பிரிவின் எண்ணிலிருந்து தொடங்குகிறேன். 1898ஆம் ஆண்டின் குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 132 என்று ஒரு பிரிவு இருந்தது. சட்டவிரோதக் கூட்டத்தைக் கலைக்கும் பொருட்டுச் செய்ததாகச் சொல்லப்படும் எச்செயலுக்காகவும், அரசின் முன்னனுமதி இல்லாமல் எவர் மீதும் குற்ற வழக்குத் தொடர முடியாது என்பது அதன் சாரம். ஆள்கிறவர்களுக்கும் ஆளப்படுகிறவர்களுக்கும் இடையே ஒரு நாட்டின் கடலே கிடந்த காலத்தில் எழுதப்பட்ட சட்டம் அது. ஆகவே அதில் வியப்பில்லை. வியப்பு, அதன் பின்வாழ்வில்தான் இருக்கிறது.

அந்தப் பின்வாழ்வை ஒரே மண்ணில் நிகழ்ந்த இரண்டு நிகழ்ச்சிகளைக் கொண்டு பார்க்கலாம். அவற்றுக்கிடையே 110 ஆண்டுகள் கழிந்தன. இடத்தாலோ ஐம்பது கிலோமீட்டர் தொலைவுதான்.

*

1908 பிப்ரவரி இறுதியில் தூத்துக்குடி கோரல் ஆலைத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். வ.உ. சிதம்பரம் பிள்ளையும் சுப்பிரமணிய சிவாவும் அவர்களுக்குத் துணைநின்றார்கள். ஆங்கிலேயக் கப்பல் நிறுவனத்திற்குப் போட்டியாகச் சுதேசிக் கப்பல் விட்ட வ.உ.சி., ஆலைக்கூலிக்கும் குரல் கொடுத்தது ஆட்சியாளர்களை எவ்வளவு அச்சுறுத்தியிருக்கும் என்பதை ஊகிப்பது கடினமன்று. மார்ச் 12 அன்று இருவரும் கைது செய்யப்பட்டார்கள்.

மறுநாள் திருநெல்வேலி கொந்தளித்தது. கடைகள் அடைக்கப்பட்டன. காவல் நிலையமும் நகராட்சி அலுவலகமும் தாக்குதலுக்கு உள்ளாயின. மண்ணெண்ணெய்க் கிடங்கு எரிந்தது. மாவட்ட ஆட்சியர் விஞ்சின் தலைமையில் வந்த காவல்படை கூட்டத்தை நோக்கிச் சுட்டது. நால்வர் இறந்தார்கள்.

அதற்குப் பிறகு நடந்தவற்றைக் கவனிக்க வேண்டும். கலகம் செய்ததாகப் பலர்மீது வழக்குகள் நடந்தன, தண்டனைகளும் கிடைத்தன. வ.உ.சி.க்கு நீதிபதி பின்ஹே இரட்டைத் தீவாந்தரம் விதித்தார். ஊரில் தண்டக் காவற்படை நிறுத்தப்பட்டு, அதன் செலவு ஊர்மக்களிடமிருந்தே வரியாகப் பிடிக்கப்பட்டது. பிள்ளையைச் சுட்டவனுக்குத் தகப்பனே படிகொடுக்க வேண்டிய ஏற்பாடு என்று இதைச் சொன்னால் மிகையாகாது. சுட்டவர்கள் எவரும் குற்றவாளிக் கூண்டில் ஏறவில்லை. 132ஆம் பிரிவு அதற்காகத்தான் எழுதப்பட்டிருந்தது.

இந்த நால்வரின் சாவு நம் பொதுநினைவில் வெகுகாலம் இடம்பெறவில்லை. வ.உ.சி.யின் செக்கு நினைவிருந்தது, நெல்லைத் தெருவில் விழுந்தவர்கள் நினைவிலில்லை. ஆ. இரா. வேங்கடாசலபதியின் ‘திருநெல்வேலி எழுச்சியும் வ.உ.சி.யும் 1908’ நூலுக்கு 2024ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதெமி விருது கிடைத்தபோதுதான் இலக்கிய வாசகர்களில் பலர் அந்நாளைப் பற்றி முதன்முறையாகக் கேள்விப்பட்டிருப்பார்கள்.

*

விடுதலை வந்தது, அரசியல் சாசனம் வந்தது. 1898ஆம் ஆண்டுச் சட்டம் அப்படியே தொடர்ந்தது. கடைசியில் 1973இல் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டம் இயற்றப்பட்டது. நூற்றுக்கணக்கான பிரிவுகள் இடம்மாறின, எண் மாறின. ஆனால் கூட்டத்தைக் கலைப்பவர்களுக்கான பாதுகாப்புப் பிரிவு, எண்கூட மாறாமல், 132ஆகவே அமர்ந்துகொண்டது. பொது ஊழியர்மீது வழக்குத் தொடர முன்னனுமதி கேட்கும் 197ஆம் பிரிவும் பழைய எண்ணிலேயே இருந்தது. இது தற்செயலாக இருக்கலாம். ஆயினும் சில தற்செயல்களுக்கு ஒரு காலத்தைப் படம்பிடித்துக் காட்டும் ஆற்றல் உண்டு.

இப்பிரிவுகளுக்கு ஒரு நியாயமே கிடையாது என்று நான் வாதிட வரவில்லை. கல்லெறியும் கூட்டத்தின் முன்னால் நிற்கும் காவலருக்கு முடிவெடுக்கச் சில நொடிகளே வாய்க்கின்றன. அவர் நல்லெண்ணத்தோடு செய்த காரியத்திற்காக, பகைகொண்டவர்களெல்லாம் ஆளுக்கொரு வழக்குப்போட்டு அவரை நீதிமன்றப் படிகளிலேயே முதுமையடையச் செய்யலாம். அதைத் தடுக்க ஒரு வடிகட்டி வேண்டும் என்பது ஏற்கத்தக்கதே. கேள்வி, அந்த வடிகட்டி யார் கையில் இருக்கிறது என்பதுதான். சுட்டது அரசின் காவலர். சுட உத்தரவிட்டது அரசின் அதிகாரி. அவர்கள்மீது வழக்குத் தொடரலாமா என்று முடிவெடுப்பதும் அதே அரசு. தன் வீட்டுக் கணக்கைத் தானே தணிக்கை செய்துகொள்கிற வியாபாரியை எந்த ஊர்ச் சந்தையும் நம்பாது.

இதை முதலில் சொன்னவர்கள் போராட்டக்காரர்கள் அல்லர். தரம்வீரா தலைமையில் 1977இல் அமைக்கப்பட்ட தேசியக் காவல் ஆணையம், 1981இல் அளித்த தன் எட்டாவது அறிக்கையில், 132, 197 ஆகிய பிரிவுகள் காவலர்களுக்கு அளிக்கும் பாதுகாப்பை விலக்கிக்கொள்ள வேண்டும் என்று பரிந்துரைத்தது. வழக்கைச் சந்திக்கும் காவலரின் செலவை அரசு ஏற்கட்டும், ஆனால் வழக்கே வராமல் தடுக்க வேண்டாம் என்பது அதன் நிலை. நாற்பதாண்டுகளுக்கும் மேலாக அந்தப் பரிந்துரை அலமாரியில் உறங்குகிறது.

*

2018 மே 22. ஸ்டெர்லைட் தாமிர ஆலைக்கு எதிரான போராட்டத்தின் நூறாவது நாள். மக்கள் தூத்துக்குடி மாவட்ட ஆட்சியர் அலுவலகத்தை நோக்கி ஊர்வலமாகச் சென்றார்கள். தடையுத்தரவு இருந்தது, கல்வீச்சும் நடந்தது, வாகனங்கள் எரிந்தன. காவல்துறை சுட்டது. அன்றும் மறுநாளுமாகச் சுடப்பட்டதில் 13 பேர் உயிரிழந்தார்கள். அவர்களில் ஒருவர் 17 வயதுப் பெண். முதல் தகவல் அறிக்கைகளில், சுடுவதற்கு உத்தரவிட்டவர்களாகத் துணை வட்டாட்சியர்கள் குறிப்பிடப்பட்டிருந்தார்கள். அன்றைய முதல்வர் எடப்பாடி பழனிசாமி, செய்தியைத் தொலைக்காட்சி பார்த்தே தெரிந்துகொண்டதாகச் சொன்னார். உத்தரவின் ஏணியில் கீழ்ப்படியில் நின்றவர்களின் பெயர் மட்டும் காகிதத்தில் இருந்தது. மேற்படிகளில் யாரும் இல்லாததைப் போல ஒரு தோற்றம்.

நீதிபதி அருணா ஜெகதீசன் தலைமையில் விசாரணை ஆணையம் அமைக்கப்பட்டது. அது 2022 மே மாதம் இறுதி அறிக்கை அளித்தது. அக்டோபரில் சட்டப்பேரவையில் வைக்கப்பட்டது. தப்பியோடியவர்கள்மீது மறைவிடத்திலிருந்து சுட்டிருக்கிறார்கள் என்றும், அவ்வாறு சுடுவதற்கான தேவை எழவில்லை என்றும் ஆணையம் கண்டது. முதல்வருக்கு எதுவும் தெரியாது என்ற கூற்றையும் அது ஏற்கவில்லை. 17 காவல்துறையினர்மீதும், அன்றைய மாவட்ட ஆட்சியர்மீதும் வருவாய்த்துறையினர்மீதும் நடவடிக்கை எடுக்கப் பரிந்துரைத்தது. இறந்தவர்களின் குடும்பங்களுக்கு 50 லட்சம் ரூபாய் இழப்பீடு தரச் சொன்னது. அதற்கு முன்பு தரப்பட்டிருந்தது 20 லட்சம்.

இவ்வளவு தெளிவான அறிக்கை வந்த பிறகும் ஏன் ஆற்றாமை குறையவில்லை? 1952ஆம் ஆண்டின் விசாரணை ஆணையச் சட்டத்தில் இதற்கு விடை இருக்கிறது. அச்சட்டப்படி அமையும் ஆணையம் உண்மையைக் கண்டறியலாம், பரிந்துரைக்கலாம். அதற்குமேல் எதுவும் செய்ய இயலாது. அதன் முன் ஒருவர் சொன்ன வாக்குமூலத்தை, பொய்ச்சாட்சி வழக்கைத் தவிர, அவருக்கெதிராக எந்த வழக்கிலும் பயன்படுத்த முடியாது. அறிக்கை எவ்வளவு கனமாக இருந்தாலும் நீதிமன்றத்தில் அது தீர்ப்பன்று. தண்டனைக்கு வேறொரு பாதை வேண்டும். அந்தப் பாதையின் வாயிலில்தான் முன்னனுமதி நிற்கிறது. குற்ற வழக்கை விசாரித்த மத்தியப் புலனாய்வுத் துறை, போராட்டக்காரர்கள் பலரைக் குற்றம்சாட்டிய தன் குற்றப்பத்திரிகையில், காவலர் தரப்பிலிருந்து ஓர் ஆய்வாளரை மட்டுமே சேர்த்தது. 2024இல் சென்னை உயர் நீதிமன்றம் அந்த விசாரணையின் போக்கைக் கடுமையாகக் கண்டித்தது.

ஆணையம் எப்போதும் மக்கள் பக்கமே நிற்கும் என்றும் எண்ண வேண்டாம். 2011 செப்டம்பர் 11 அன்று பரமக்குடியில், இமானுவேல் சேகரன் நினைவுநாளில், காவல்துறை சுட்டதில் ஆறு தலித்துகள் மாண்டார்கள். அதை விசாரித்த நீதிபதி சம்பத் ஆணையம், துப்பாக்கிச் சூடு தவிர்க்க முடியாதது என்றே முடிவு கூறியது. ஒரே மாநிலத்தில், ஏழாண்டு இடைவெளியில் நடந்த இரண்டு துப்பாக்கிச் சூடுகள். இரண்டு ஆணையங்களின் முடிவுகள் எதிரெதிரானவை. சுட்டவர்களின் நிலையில் மட்டும் பெரிய வேறுபாடில்லை.

*

காவலர்கள்மீதான புகார்களை விசாரிக்கத் தனி ஆணையம் வேண்டும், அதற்கு ஓய்வுபெற்ற நீதிபதி தலைமை வகிக்க வேண்டும் என்று 2006இல் பிரகாஷ் சிங் வழக்கில் உச்ச நீதிமன்றம் ஆணையிட்டது. 2013இல் தமிழ்நாடு இயற்றிய சட்டம் அந்த இருக்கையில் உள்துறைச் செயலரை அமர்த்தியது. யார்மீது புகாரோ அவர்களின் துறைத்தலைவரிடமே புகார் கொடுக்கச் சொன்னதைப் போன்றது இது.

2024 ஜூலை 1 முதல் பழைய நடைமுறைச் சட்டம் நீங்கி, பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா நடைமுறைக்கு வந்தது. காலனியச் சட்டங்களிலிருந்து விடுதலை என்று அறிவிக்கப்பட்டது. 132, 151 ஆயிற்று. 197, 218 ஆயிற்று. 218இல் ஒரு நல்ல திருத்தம் உண்டு: முன்னனுமதிக் கோரிக்கைக்கு அரசு 120 நாட்களுக்குள் பதில் சொல்லாவிட்டால் அனுமதி கிடைத்ததாகவே கருதப்படும். ஆனால் கூட்டத்தைக் கலைப்பது பற்றிய 151இல் அப்படியொரு கெடு இல்லை. தெருவில் சுடப்படுகிறவர்களைப் பொறுத்தவரை, 1898ஆம் ஆண்டின் வாசகம் வேறு எண்ணுக்குக் குடிபெயர்ந்திருக்கிறது, அவ்வளவுதான்.

தூத்துக்குடி மக்கள் ஆண்டுதோறும் மே 22 அன்று தம் பிள்ளைகளின் படங்களுக்கு மாலையிடுகிறார்கள். அவர்கள் கேட்பது பழிவாங்கலன்று. சுட்டவர் ஒரு நீதிபதியின் முன் நின்று தன் நியாயத்தைச் சொல்லட்டும் என்பதே. முன்னனுமதி வழங்கும் அதிகாரத்தை அரசிடமிருந்து எடுத்து நீதிமன்றத்திடம் கொடுத்தால் அது நடந்துவிடும். நல்லெண்ணத்தோடு சுட்டவருக்கு அங்கே அஞ்ச வேண்டியது எதுவுமில்லை. 1908இல் நெல்லையில் விழுந்த நால்வருக்காக இதைக் கேட்க எந்த மன்றமும் இருக்கவில்லை. இன்று நமக்கென்று ஒரு சட்டமன்றம் இருக்கிறது, நாடாளுமன்றம் இருக்கிறது. அங்கே இந்தக் கேள்வி இன்னும் எழுப்பப்படவில்லை என்றால், குறை சட்டத்தை எழுதிய ஆங்கிலேயனுடையது மட்டும் அன்று.