சுவரில் தொங்கும் அயாட்டா சான்றிதழ்

ட்ரவல்ஸ் கடைச் சுவரில் அயாட்டா சான்றிதழைக் கண்டால் நமக்கு ஒரு தைரியம் வருகிறது. ஆனால் அது காப்பது யாரை?

அயாட்டா, 1945இல் ஹவானாவில் விமான நிறுவனங்கள் அமைத்த சங்கம். கையால் டிக்கட் எழுதிய காலத்தில் முகவரிடம் எழுதாத டிக்கட் புத்தகங்கள் இருக்கும். ஒவ்வொன்றும் காசுக்குச் சமம். ஆகவே கணக்குவழக்கு, ஊழியரின் அனுபவம், இரும்புப் பெட்டகம் வரை பார்த்துத்தான் அங்கீகாரம் கொடுத்தார்கள். ஒவ்வொரு நிறுவனத்துக்கும் தனித்தனியே கட்டிய பணத்தை ஒரே இடத்தில் கட்டும் பீஎஸ்பீ முறை 1971இல் ஜப்பானில் தொடங்கியது. 2008 ஜூன் 1உடன் காகித டிக்கட்டும் போனது, பெட்டகத்துக்கும் வேலை இல்லை. வங்கி உத்தரவாதம் கேட்பது மட்டும் நிற்கவில்லை. அதுவும் விமான நிறுவனங்களுக்குச் சேர வேண்டிய பணத்துக்குத்தான்.

உம்றாவுக்குக் காசு கட்டும் உறவுகளே, ஆறெழுத்து முன்பதிவுக் குறியீடு டிக்கட் ஆகாது. 13 இலக்கங்கள் கொண்ட டிக்கட் நம்பரைக் கேட்டு வாங்குங்கள். ஸ்ரீலங்கன் டிக்கட் என்றால் 603இல் தொடங்கும்.