விளையாட்டுப் பெட்டிக்குள் ஒரு சினிமா பிளேயர்: பிளேஸ்டேஷன் 3-உம் ப்ளூ-ரே போரும்

2006 நவம்பர், அமெரிக்கா. வீட்டில் புதுசாக ஒரு எச்டி டிவி இருக்கு, அதில் ப்ளூ-ரே படம் பார்க்கணும். என்ன வழி? சாம்சங்கின் பிடி-பி1000 பிளேயர் அந்த ஜூனில் கடைக்கு வந்தபோது அதன் விலை 999 டாலர். நவம்பர் 17-ஆம் தேதி சோனியின் பிளேஸ்டேஷன் 3 வந்தது. 20 ஜிபி மாடல் 499 டாலர், 60 ஜிபி மாடல் 599 டாலர். அதே ப்ளூ-ரே டிஸ்க்கை இதுவும் ஓட்டும். கூடவே விளையாடவும் செய்யலாம்.

அதாவது விளையாட்டில் துளிகூட ஆர்வம் இல்லாத ஒருத்தருக்கும், படம் பார்க்க வாங்க வேண்டிய மலிவான பெட்டி ஒரு விளையாட்டுப் பெட்டியாக இருந்தது. கொஞ்சம் விசித்திரமான நிலைமை, இல்லையா? இது எப்படி வந்தது, இதனால் யாருக்கு லாபம், யாருக்கு நஷ்டம் என்பதுதான் இந்தக் கட்டுரை. "பிஎஸ்3 இல்லையென்றால் ப்ளூ-ரே ஜெயித்திருக்காது" என்று ஒரே வரியில் சொல்லிவிட்டுப் போவது வழக்கம். அந்த வரி எவ்வளவு தூரம் உண்மை என்றும் பார்ப்போம்.

முன்கதை: பிஎஸ்2 சொல்லிக்கொடுத்த பாடம்

2000 மார்ச் 4. ஜப்பானில் பிளேஸ்டேஷன் 2 வெளியானது, விலை 39,800 யென். அது டிவிடி படங்களையும் ஓட்டும். டிவிடி அப்போதுதான் ஜப்பானிய வீடுகளுக்குள் நுழைந்துகொண்டிருந்த காலம். தொடக்கத்தில் வந்த விளையாட்டுகள் பெரிசாகச் சொல்லிக்கொள்ளும்படி இல்லை. ஆனால் 'மேட்ரிக்ஸ்' டிவிடி அங்கே சக்கைப்போடு போட்டது. பெட்டியை வாங்கின பலர் முதலில் அதில் போட்டது விளையாட்டை இல்லை, படத்தை.

மைக்ரோசாஃப்டின் முதல் எக்ஸ்பாக்ஸும் டிவிடி ஓட்டியது. ஆனால் அதற்கு ரிமோட் கிட் ஒன்றைத் தனியாகக் காசு கொடுத்து வாங்கணும். டிவிடி உரிமக் கட்டணத்தை ஒவ்வொரு பெட்டிக்கும் தானே சுமக்காமல், படம் பார்க்க விரும்புகிறவர் தலையில் வைத்த ஏற்பாடு அது. நின்டென்டோ கேம்கியூபில் படம் ஓடவே ஓடாது. பிஎஸ்2 கடைசியில் 15 கோடிக்கும் மேல் விற்றது. டிவிடி மட்டுமே அதற்குக் காரணம் என்று சொல்ல முடியாது. ஆனால் சோனியில் இருந்தவர்கள் மனதில் ஒரு பாடம் பதிந்துவிட்டது: பெட்டி டிஸ்க்கை விற்கும், டிஸ்க் பெட்டியை விற்கும்.

இன்னொரு பழைய காயமும் உண்டு. 1975-இல் சோனி கொண்டுவந்த பீட்டாமேக்ஸ், அடுத்த வருஷம் ஜேவிசி கொண்டுவந்த விஎச்எஸ்ஸிடம் தோற்றது. 1988-இல் சோனியே விஎச்எஸ் ரெக்கார்டர் செய்ய வேண்டிய நிலை வந்தது. நல்ல தொழில்நுட்பம் இருந்தால் மட்டும் போதாது, வீடுகளுக்குள் போய் உட்கார்ந்துவிட வேண்டும் என்பது அங்கே கற்றுக்கொண்டது.

நீல ஒளியும் ஒரு சின்னக் கணக்கும்

சரி, புது டிஸ்க் எதற்கு? எச்டி படத்துக்கு டிவிடியின் 4.7 ஜிபி பத்தாது. அதே 12 சென்டிமீட்டர் வட்டத்தில் அதிகம் எழுதணும் என்றால், எழுத்தைச் சின்னதாக்கணும். அதைப் படிக்கும் லேசர் புள்ளியும் சின்னதாகணும். புள்ளியின் அளவு இரண்டு விஷயத்தைப் பொறுத்தது: ஒளியின் அலைநீளம் குறையக் குறையப் புள்ளி சிறுக்கும், லென்ஸின் துளை எண் கூடக் கூடப் புள்ளி சிறுக்கும்.

டிவிடிக்கு 650 நானோமீட்டர் சிவப்பு லேசர், துளை எண் 0.60. நீல-ஊதா லேசரின் அலைநீளம் 405. இந்த லேசரைச் சாத்தியமாக்கியதில் நிச்சியா கம்பெனியில் வேலை பார்த்த ஷூஜி நாகமுராவுக்குப் பெரும் பங்கு உண்டு. நீல எல்இடிக்காக 2014-இல் இயற்பியல் நோபல் பரிசை அகாசாகி, அமானோ ஆகியோருடன் பகிர்ந்துகொண்டவர் அவர்தான்.

ப்ளூ-ரே அணி 405 நானோமீட்டரோடு 0.85 லென்ஸைச் சேர்த்தது. கணக்குப் போட்டுப் பாருங்க. 650-ஐ 0.60-ஆல் வகுத்தால் சுமார் 1083. 405-ஐ 0.85-ஆல் வகுத்தால் சுமார் 476. விகிதம் 2.27. நீளம், அகலம் இரண்டிலும் சிறுப்பதால் அதன் வர்க்கம், கிட்டத்தட்ட 5.2. டிவிடியின் 4.7-ஐ அதால் பெருக்கினால் 24 சொச்சம். ப்ளூ-ரேவின் ஓர் அடுக்கு 25 ஜிபி. காகிதக் கணக்கு எவ்வளவு பக்கத்தில் வருது பாருங்க!

தோஷிபாவும் என்ஈசியும் அதே நீல லேசரை எடுத்துக்கொண்டன, ஆனால் லென்ஸை 0.65-இல் நிறுத்தின. அதே கணக்கில் சுமார் 3 மடங்கு. எச்டி டிவிடியின் ஓர் அடுக்கு 15 ஜிபி. ஏன் குறைவில் நிறுத்தினார்கள்? லென்ஸ் கூர்மையாகக் கூர்மையாக, தகவல் அடுக்கு டிஸ்க்கின் மேற்பரப்புக்கு நெருக்கமாக வரணும். ப்ளூ-ரேவில் அது வெறும் 0.1 மில்லிமீட்டர் ஆழம். அதற்குப் புது அச்சு இயந்திரம், கீறல் விழாத கடினப் பூச்சு எல்லாம் வேணும். எச்டி டிவிடி, டிவிடியின் 0.6 மில்லிமீட்டரையே வைத்துக்கொண்டது. இருக்கிற டிவிடி ஆலைகளைக் கொஞ்சம் மாற்றினால் போதும். ஒரு பக்கம் இடம் அதிகம், மறுபக்கம் செலவு குறைவு. இரண்டு தரப்புக்கும் நியாயம் இருந்தது. 2005-இல் ஒரே டிஸ்க்காக இணையலாமா என்று பேசினார்கள். பேச்சு முறிந்தது.

இரண்டு பெட்டி, இரண்டு வழி

2006 ஏப்ரலில் தோஷிபாவின் எச்டி-ஏ1 அமெரிக்காவில் 499 டாலருக்கு வந்தது. முதல் ப்ளூ-ரே பிளேயரில் பாதி விலை. தனிப் பிளேயர்களை மட்டும் வைத்துப் பார்த்தால் எச்டி டிவிடிதான் முந்தியிருக்கணும்.

எச்டி டிவிடி அணியிலும் ஒரு விளையாட்டுப் பெட்டி இருந்ததை நிறையப் பேர் மறந்துவிட்டார்கள். எக்ஸ்பாக்ஸ் 360 தன் சொந்த டிரைவாக டிவிடியோடு 2005-இலேயே வந்துவிட்டது. 2006 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் 199 டாலருக்கு ஒரு தனி எச்டி டிவிடி டிரைவை விற்றது. யுஎஸ்பி வயரில் மாட்டிக்கொள்ளணும். அதில் படம் மட்டும்தான், விளையாட்டு வராது. அன்றைக்கு எக்ஸ்பாக்ஸ் 360-இல் எச்டிஎம்ஐ கூடக் கிடையாது, 2007-இல் வந்த எலைட் மாடலில்தான் வந்தது.

இந்த இடத்தில்தான் வரலாறு திரும்பியது என்று நினைக்கிறேன். தனியாக விற்கும் டிரைவை யார் வாங்குவார்? ஏற்கெனவே எச்டி டிவிடி வேணும் என்று முடிவெடுத்தவர். பிஎஸ்3-ஐ யார் வாங்குவார்? விளையாட்டுக்காக வருகிறவர். ப்ளூ-ரே பற்றி அவர் யோசித்திருக்கவே வேண்டாம், அது அவர் வீட்டுக்குள் தானாக வந்து உட்கார்ந்துவிடும். 2008 மார்ச் முடிவுக்குள் 1.2 கோடிக்கும் மேல் பிஎஸ்3 பெட்டிகள் ஆலையை விட்டுப் போயிருந்தன.

எச்டி டிவிடி அணி இதை எதிர்த்து வாதாடியது: விளையாட்டுப் பெட்டியைப் பிளேயர் கணக்கில் சேர்க்காதீங்க, அதை வாங்கினவர் எல்லாம் படம் வாங்குவதில்லை. ஒரு பெட்டிக்கு எத்தனை டிஸ்க் விற்கிறது என்று பார்த்தால் அவர்கள் சொன்னது சரிதான். ஆனால் பெட்டிகளின் எண்ணிக்கை அவ்வளவு அதிகமாக இருக்கும்போது, அதில் ஒரு பகுதி பேர் படம் வாங்கினாலே தராசு சாய்ந்துவிடும். சாய்ந்தது.

பிளேயராக அது எப்படி?

வெறும் மலிவு மட்டும் இல்லை, பிஎஸ்3 நிஜமாகவே நல்ல பிளேயர். முதல் தலைமுறைத் தனிப் பிளேயர்களில் டிஸ்க்கைப் போட்டுவிட்டுக் காத்திருக்கணும். ப்ளூ-ரே மெனுக்கள் ஜாவா நிரல்கள். சின்னச் சிப் வைத்த பெட்டிகள் அதில் திணறின. பிஎஸ்3-இன் செல் செயலிக்கு அது ஊதித் தள்ளுகிற வேலை.

இன்னொரு சிக்கல், ப்ளூ-ரே விதிமுறையே அரைகுறையாகச் சந்தைக்கு வந்தது. முதலில் வந்த பிளேயர்கள் எல்லாம் புரொஃபைல் 1.0. படத்துக்குள் சின்னப் படம் காட்டும் 1.1 பிறகு வந்தது, இணைய வசதி கொண்ட 2.0 அதற்கும் பிறகு. ஆயிரம் டாலர் கொடுத்து வாங்கின பெட்டிகள் பெரும்பாலும் 1.0-லேயே நின்றுவிட்டன, உள்ளே வன்பொருள் இல்லை. பிஎஸ்3-இல் படத்தைப் பிரித்துக் காட்டும் வேலை மென்பொருளில் நடந்ததால், இணையம் வழியாகப் புதுப்பித்துக்கொண்டே போக முடிந்தது. 2007 மே மாதம் பழைய டிவிடிகளை 1080பி-க்கு உயர்த்திக் காட்டும் வசதி. டிசம்பரில் புரொஃபைல் 1.1; 2008 மார்ச்சில் 2.0, ஏப்ரலில் டிடிஎஸ்-எச்டி மாஸ்டர் ஆடியோ, 2010 செப்டம்பரில் 3டி ப்ளூ-ரே. நாலு வருஷப் பழைய பெட்டி, ஒரு ரூபாய் செலவில்லாமல் 3டி படம் காட்டியது.

குறையும் உண்டு. அகச்சிவப்பு ரிமோட் வாங்கி இதில் வேலை செய்யாது, புளூடூத் மட்டும்தான். அதனால் வீட்டில் எல்லாவற்றுக்கும் ஒரே ரிமோட் வைத்திருந்தவர்கள் தலையில் அடித்துக்கொண்டார்கள். பழைய பருத்த மாடல், படம் ஓட்டும்போதே 100 வாட்டை எளிதாகத் தாண்டும், விசிறிச் சத்தம் வேறு. உயர்தர ஒலியைத் தானே பிரித்துத்தான் ரிசீவருக்கு அனுப்பும். பிரிக்காமல் அப்படியே அனுப்பும் வசதி 2009-இல் வந்த ஸ்லிம் மாடலில்தான்.

நம்ம ஆட்களைப் பாதித்த இன்னொன்று மண்டலப் பூட்டு. பிஎஸ்3 விளையாட்டுகளுக்கு மண்டலம் கிடையாது, ஆனால் ப்ளூ-ரே படங்களுக்கு உண்டு. சிங்கப்பூர், மலேசியா, அமெரிக்கா ஏ மண்டலம், லண்டன் பி, இந்தியாவும் இலங்கையும் சி. சிங்கப்பூரில் வாங்கின பெட்டியில் சென்னைக்காரர் விளையாடலாம். ஆனால் மண்டலம் பூட்டின படம் என்றால், பெட்டி எந்த ஊரோ அந்த ஊர் டிஸ்க்தான் ஓடும்.

முடிவு வந்த ஏழு வாரம்

2007 முழுக்க இழுபறிதான். சோனி, டிஸ்னி, ஃபாக்ஸ் ப்ளூ-ரே பக்கம். யுனிவர்சல் எச்டி டிவிடி பக்கம். இரண்டிலும் வெளியிட்டுக்கொண்டிருந்த பாரமவுன்ட், ஆகஸ்டில் எச்டி டிவிடிக்கே தாவியது. நவம்பரில் வால்மார்ட் ஒரு தோஷிபா பிளேயரைத் தள்ளுபடியில் 100 டாலருக்கும் கீழே விற்றது.

மிச்சம் இருந்த பெரிய ஸ்டூடியோ வார்னர். 2008 ஜனவரி 4-ஆம் தேதி, லாஸ் வேகாஸ் மின்னணுக் கண்காட்சி தொடங்கும் முன்பே, இனி ப்ளூ-ரே மட்டும் என்று அறிவித்தது. எச்டி டிவிடி அணி அங்கே நடத்த இருந்த செய்தியாளர் கூட்டத்தை ரத்து செய்தது. பிப்ரவரியில் நெட்ஃபிளிக்ஸ், பெஸ்ட் பை, வால்மார்ட் என்று வரிசையாகக் கதவு சாத்தின. பிப்ரவரி 19-ஆம் தேதி தோஷிபா தோல்வியை ஒப்புக்கொண்டது. ப்ளூ-ரே என்ற பெயர் உலகத்துக்கு அறிவிக்கப்பட்டது 2002 பிப்ரவரி 19. சரியாக ஆறு வருஷம், அதே தேதி.

பில்லைக் கட்டியது யார்?

ஐசப்ளை என்ற ஆய்வு நிறுவனம் பிஎஸ்3-ஐப் பிரித்துப் பார்த்துக் கணக்கிட்டது: 499 டாலர் பெட்டிக்கு அடக்கச் செலவு சுமார் 806 டாலர். நீல லேசர் டயோடு போதுமான அளவு கிடைக்காமல், ஐரோப்பிய வெளியீடு 2006 நவம்பரிலிருந்து 2007 மார்ச்சுக்குத் தள்ளிப்போனது. சோனியின் விளையாட்டுப் பிரிவு 2006 நிதியாண்டில் 23,230 கோடி யென் நஷ்டம், அடுத்த ஆண்டு 12,450 கோடி யென் நஷ்டம். பெட்டியை அடக்க விலைக்குக் கீழே விற்றது இதற்கு முக்கியக் காரணம். பிஎஸ்2-இன் 15 கோடி எங்கே, பிஎஸ்3 கடைசியில் எட்டிய 8.7 கோடி எங்கே. எச்டி படமே காட்டாத நின்டென்டோ வீ 10 கோடியைத் தாண்டியது.

ஆக, "பிஎஸ்3 ப்ளூ-ரேவை ஜெயிக்க வைத்தது" என்ற வரி பெரும்பாலும் உண்மைதான். வார்னர் தாவாமல் இருந்திருந்தால் போர் நீண்டிருக்கும், ஆனால் வார்னர் தாவும்போது பார்த்த விற்பனை எண்களுக்குப் பின்னால் இருந்தது இந்தப் பெட்டிதான். அந்த வரியோடு இன்னொன்றையும் சேர்த்துச் சொல்லணும்: டிஸ்க்கை ஜெயிக்க வைக்க, பெட்டி தன் முதலிடத்தைக் கொடுத்தது.

கொடுத்ததற்கு என்ன கிடைத்தது? நெட்ஃபிளிக்ஸ் 2007 ஜனவரியில், அதாவது போர் உச்சத்தில் இருந்தபோதே, இணையத்தில் படம் ஓட்டத் தொடங்கிவிட்டது. 2009 நவம்பரில் அது பிஎஸ்3-க்கு வந்தது. எப்படி வந்தது தெரியுமா? தபாலில் ஒரு ப்ளூ-ரே டிஸ்க் அனுப்புவார்கள். அதை உள்ளே போட்டு வைத்தால்தான், ப்ளூ-ரேவின் இணைய வசதி வழியாக நெட்ஃபிளிக்ஸ் திறக்கும். டிஸ்க்கை ஓய்வுக்கு அனுப்பப் போகிற சேவை, டிஸ்க்கின் தோளில் ஏறித்தான் வீட்டுக்குள் வந்தது. ஒரு வருஷத்தில் அந்த டிஸ்க்கும் தேவையில்லாமல் போனது.

2016-இல் 4கே ப்ளூ-ரே வந்தபோது அதை ஓட்டிய மலிவான பெட்டிகளில் ஒன்று மைக்ரோசாஃப்டின் எக்ஸ்பாக்ஸ் ஒன் எஸ். அதே வருஷம் வந்த சோனியின் பிஎஸ்4 ப்ரோ அதை ஓட்டவில்லை. 2024-இல் வந்த பிஎஸ்5 ப்ரோவில் டிஸ்க் டிரைவே கிடையாது. வேணும்னா தனியாகக் காசு கொடுத்து வாங்கி மாட்டிக்கொள்ளலாம், 2006-இல் எக்ஸ்பாக்ஸ் 360-க்கு மாட்டின மாதிரி.