வூமெராவும் ஒரு கணனி விளையாட்டும்

வழமையாக வரிக் கணக்கு, ஓய்வூதிய நிதி என்று பேசுகிறவன் இந்த மாதம் கணனி விளையாட்டோடு வந்து நிற்கிறானே என்று யோசிக்க வேண்டாம். காரணம் என் மகன்தான். முப்பதை எட்டப் போகிறான், சின்ன வயதில் இருந்தே கேம் பைத்தியம். "படத்துக்கும் நாவலுக்கும் குடுக்கிற மரியாதையை ஏன் அப்பா இதுக்குக் குடுக்கிறியள் இல்லை?" என்பது அவனுடைய நெடுநாள் வழக்கு. நார்த்மீட்டில் எங்கள் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் அந்த வழக்கு அண்மையில் திரும்பவும் எழுந்தபோது எனக்கு 2003ஆம் ஆண்டு ஞாபகம் வந்தது.

வூமெராவை நம்மில் மூத்தவர்கள் மறந்திருக்க மாட்டார்கள். 1947இல் ரொக்கட் சோதனைக்கென்று தென் அவுஸ்திரேலியாவின் வரண்ட நிலத்தில் உருவான ஊர் அது. 1999 நவம்பரில் அங்கே குடிவரவுத் தடுப்பு முகாமைத் திறந்தார்கள். 400 பேருக்கென்று அமைத்த இடத்தில் அடுத்த வருடமே ஏறத்தாழ 1,500 பேர். ஆப்கானியர், ஈராக்கியர், ஈரானியர்தான் அதிகம். குழந்தைகளும் இருந்தார்கள். 2002 ஜனவரியில் உண்ணாவிரதம் இருந்தவர்களிற் பலர் தங்கள் உதடுகளைத் தைத்துக் கொண்டார்கள். அதே வருடம் ஈஸ்டர் விடுமுறையில் ஆர்ப்பாட்டக்காரர் வேலியைப் பெயர்க்க, 50 பேரளவில் தப்பி ஓடினார்கள். பெரும்பாலானோர் திரும்பப் பிடிபட்டார்கள். 2003 ஏப்ரலில் முகாமை மூடினார்கள். இவ்வளவு காலமும் பத்திரிகையாளர் சுதந்திரமாக உள்ளே போய்ப் படமெடுக்க முடியவில்லை என்பதை இங்கே குறித்துக் கொள்ளுங்கள்.

அந்த நாட்களில் மெல்பேர்ணில் ஒரு சிறு குழு, கதரின் நீல் என்பவர் முன்னின்று நடத்த, 'எஸ்கேப் ஃபுரொம் வூமெரா' என்ற கேமைச் செய்யத் தொடங்கியது. 1998இல் வெளிவந்த 'ஹாஃப் லைஃப்' என்ற புகழ்பெற்ற துப்பாக்கி விளையாட்டை எடுத்து, துப்பாக்கியைக் கழற்றிவிட்டு, அதன் கட்டமைப்பின் மேல் முகாமைக் கட்டினார்கள். உள்ளே போக வழியில்லாததால், அங்கே இருந்தவர்களிடம் கேட்டும் வெளிவந்த செய்திகளைச் சேர்த்தும் கொட்டில்களையும் வேலிகளையும் வரைந்தார்கள். விளையாடுபவர் முஸ்தபா என்ற ஈரானிய அகதியாகிறார். புகலிடக் கோரிக்கை நிராகரிக்கப்பட்டவர். மற்றக் கைதிகளோடு பேசி, சின்னச் சின்னப் பொருட்களைத் தேடி, வெளியேற வழி பார்க்க வேண்டும். மற்ற விளையாட்டுகளில் உயிர் குறையும், இதில் குறைவது நம்பிக்கை. அது பூச்சியமானால் ஆட்டம் முடிந்தது. கணக்காளனான எனக்கு அந்த அளவுகோல் உடனே விளங்கியது. வரவே இல்லாமல் செலவு மட்டும் எழுதப்படுகிற ஒரு பேரேடு.

அவுஸ்திரேலியக் கலை மன்றம் இதற்கு 25,000 டொலர் மானியம் கொடுத்திருந்தது. செய்தி பத்திரிகைக்கு வந்ததும் அன்றைய குடிவரவு அமைச்சர் பிலிப் ரடொக் கடுமையாகக் கண்டித்தார். இவர் 1973இல் முதன்முதல் நாடாளுமன்றம் போனதே நமக்குப் பக்கத்துப் பரமட்டாத் தொகுதியில் இருந்துதான். 2004இல் ஒரு மாதிரிப் பதிப்பு மட்டும் வெளிவந்தது. முழு விளையாட்டு ஒருநாளும் முடியவில்லை.

உண்மையைச் சொல்கிறேன், அன்று நான் அமைச்சரின் பக்கம் நின்றேன், காரணம்தான் வேறு. ஒருவனுடைய சீவன் போகிற விடயத்தை விளையாட்டாக்குவதா என்று கோபம். நம்முடைய தமிழில் 'விளையாட்டு' என்ற சொல்லுக்கே பொறுப்பில்லாதது என்றொரு பொருள் உண்டுதானே. பிறகு 2009இல் ஓஷியானிக் வைக்கிங் கப்பலில் 78 பேர் இறங்க மறுத்து நின்றதைப் பார்த்தோம். போருக்குப் பின் வந்த நம் பிள்ளைகள் வருடக்கணக்கில் வில்லவூட்டில் இருந்தார்கள். அது என் வீட்டில் இருந்து அரை மணி நேரக் கார் ஓட்டம். பார்வையாளர் அறையில் மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவரைப் பார்க்கலாம், அவர் படுக்கிற இடத்தைப் பார்க்க முடியாது. கமெரா போக முடியாத இடத்துக்கு அந்த மெல்பேர்ண் குழு ஒரு வழி கண்டுபிடித்தது என்று இப்போது நினைக்கிறேன். மகனுடைய வழக்கில் இந்த ஒரு விடயத்தில் நான் தோற்றேன்.

அவனுடைய மற்ற வாதம் தணிக்கை பற்றியது. 1995ஆம் ஆண்டுத் தரப்படுத்தல் சட்டத்தின் கீழ் படங்களுக்கு 18 வயதுக்கு மேற்பட்டோர் பிரிவு இருந்தது, கேமுக்கு இருக்கவில்லை. 15 வயதுப் பிரிவை மிஞ்சினால் விற்பனைக்கு அனுமதியே இல்லை. கேம் என்றால் பிள்ளைகளுக்கு என்ற எண்ணம்தான் அடிப்படை. 2008இல் 'ஃபோல்அவுட் 3' மோர்ஃபின் என்ற மருந்தின் பெயரால் மறுக்கப்பட்டு, பெயர் மாற்றப்பட்ட பிறகே வெளிவந்தது! அரசு பொதுமக்களிடம் கருத்துக் கேட்டபோது 58,437 மனுக்கள் வந்தன, 98 வீதம் மாற்றத்துக்கு ஆதரவு. ஆனால் எல்லா மாநிலச் சட்டமா அதிபர்களும் ஒத்துக்கொள்ள வேண்டும், தென் அவுஸ்திரேலியாவின் மைக்கல் அட்கின்சன் மறுத்தே வந்தார். அவர் பதவி விலகிய பின்புதான் வழி திறந்து, 2013 ஜனவரி 1இல் புதிய பிரிவு நடைமுறைக்கு வந்தது. என் கவலை இரத்தத்தைவிடக் கடனட்டையைப் பற்றியது. காசு கட்டி அதிர்ஷ்டப் பெட்டி திறக்கிற கேம்களுக்கும் சூதாட்டம் போன்றவற்றுக்கும் 2024 செப்டெம்பரில் இருந்து தரம் கூட்டப்பட்டிருக்கிறது. இதில் அப்பாவும் மகனும் ஒரே கட்சி.

2022 ஜூலையில் இருந்து கேம் தயாரிப்புக்கு 30 வீத வரிச் சலுகையும் உண்டு. ஆனால் குறைந்தது ஐந்து இலட்சம் டொலர் செலவழிக்க வேண்டும். வூமெராக் குழு அந்தப் படியில் காலே வைத்திருக்க முடியாது.

இந்த வழக்கு முடிய, மகன் தாயையும் கூப்பிட்டு இருத்தி 'வெண்பா' என்ற விளையாட்டைப் போட்டான். ரொறன்ரோவில் உள்ள 'விசை கேம்ஸ்' 2023இல் வெளியிட்டது. 2024இல் பிரித்தானிய பாஃப்டா விருதும் பெற்றது. தமிழ்நாட்டில் இருந்து கனடாவுக்கு வந்த தாய், தகப்பன், தமிழ் பேசக் கூச்சப்படும் ஒரு மகன். தாயின் சமையற் குறிப்புப் புத்தகம் பழுதாகி எழுத்துகள் அழிந்திருக்கும். விடுபட்டதை நாம் ஊகித்துச் சமைக்க வேண்டும். புட்டு அவிக்கும் இடத்தில் மகன் யோசித்துக்கொண்டு நிற்க, மனைவி பின்னால் நின்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே வந்தாள். பிறகு, "இது குழல் புட்டு. எங்கட அம்மா நீத்துப்பெட்டியிலதான் அவிப்பா" என்றாள். நீத்துப்பெட்டி என்றால் என்ன என்று மகன் கேட்டான்.