சந்தேகத்தின் விலை: சோதனைக்கூடமும் கட்டுமானச் செலவும்

கட்டடச் செலவைப் பற்றிப் பேச்சு வந்தால் சிமெண்ட், கம்பி, மணல், கூலி என்று நான்கு கணக்குகளை அடுக்குகிறோம். ஐந்தாவதாக ஒன்று இருக்கிறது. எந்த ரசீதிலும் அது வராது. ஒரு பொருள் எவ்வளவு தாங்கும் என்று சரியாகத் தெரியாத காரணத்தால் 'எதுக்கும் இருக்கட்டும்' என்று கூடுதலாகப் போடுகிறோமே, அந்தக் கூடுதலின் விலை. இதைச் சந்தேகத்தின் விலை என்பேன். நவீன கட்டுமானத்தின் வரலாற்றை இந்த விலையின் வரலாறாகவும் வாசிக்கலாம் என்பதும், அதை யார் தலையில் கட்டுகிறோம் என்பது ஓர் அரசியல் கேள்வி என்பதும் என் வாதம்.

19ஆம் நூற்றாண்டுப் பொறியாளர்கள் இந்த விலையைப் 'பாதுகாப்புக் காரணி' என்ற பெயரில் செலுத்தினார்கள். உடைக்கும் பளுவை 4ஆல், 6ஆல், மரமென்றால் 10ஆல்கூட வகுத்து, அவ்வளவுதான் ஏற்றலாம் என்றார்கள். இதற்கு 'அறியாமைக் காரணி' என்று பொறியாளர்களிடையே ஒரு கேலிப்பெயரும் உண்டு. 1858 கோடையில் தேம்ஸ் நதியின் நாற்றம் தாங்காமல் லண்டன் மாநகரம் புதிய கழிவுநீர்க் கால்வாய்களைக் கட்ட முனைந்தது. போர்ட்லண்ட் சிமெண்டின் மேல் அப்போது பெரிய நம்பிக்கை கிடையாது. ஜான் கிராண்ட் என்ற பொறியாளர், வந்திறங்கிய சிமெண்டை வார்த்து, இழுத்து, உடைத்துப் பார்த்துத்தான் வேலைக்கு விட்டார். 1860களின் நடுவில் டேவிட் கிர்கால்டி, சவுத்வார்க்கில், கட்டணம் கொடுக்கும் யாருக்கும் பொருளைச் சோதித்துத் தரும் கூடத்தைத் திறந்தார். 1874இல் அது இடம்மாறிய கட்டடத்தின் வாசலில் 'உண்மைகள், கருத்துகள் அல்ல' என்று பொறித்துவைத்தார். உண்மை இப்போது விலைக்குக் கிடைக்கும் சரக்காகிவிட்டது.

ஆனால் அந்த உண்மை, உடைக்கிற கையையும் பொறுத்தது. சிமெண்டோடு சேர்க்கும் மணல் மாறினால் எண் மாறும்; தண்ணீர் மாறினால் மாறும்; பளு ஏற்றும் வேகம் மாறினாலும் மாறும். ஆகவே பொருளைத் தரப்படுத்துவதற்கு முன்னால் சோதனையைத் தரப்படுத்த வேண்டியிருந்தது. பிரிட்டன் தன் முதல் சிமெண்ட் தரத்தை 1904இல் வெளியிட்டது. அங்கே சோதனைக்கான மணல் லைட்டன் பஸ்ஸார்டு என்ற ஊரின் மணல். இந்தியாவில் சிமெண்ட் தயாரிக்கும் தொடக்ககால முயற்சிகளில் ஒன்று, கடல் சிப்பிகளைக் கொண்டு, சென்னையில் நடந்ததும் அதே 1904இல்தான், அது நிலைக்கவில்லை. பின்னாளில் இந்தியத் தரநிர்ணயம் தனக்கான மணலை எண்ணூரில் கண்டுகொண்டது. நாட்டின் எந்த மூலையில் சிமெண்ட் அரைத்தாலும், ஒரு பங்கு சிமெண்டுக்கு மூன்று பங்கு எண்ணூர் மணல் சேர்த்து, 7.06 செ.மீ. கனசதுரமாக வார்த்து நசுக்கிப் பார்ப்பது வழக்கமானது. சிமெண்ட் மூட்டைமேல் அச்சிட்டிருக்கும் 43, 53 என்கிற எண்களுக்குப் பின்னால் நம் கடற்கரை மணல் இருக்கிறது என்பது நம்மில் எத்தனை பேருக்குத் தெரியும்?

ஆலைக்குள் இவ்வளவு கறார். மூட்டையைப் பிரித்த பிறகு? இந்தியக் கான்கிரீட் விதிநூலான ஐ.எஸ். 456, 1978 திருத்தத்தில் கொண்டுவந்த கணக்குமுறையில், கம்பியின் பலத்தை 1.15ஆல் வகுக்கச் சொல்கிறது. கான்கிரீட்டின் பலத்தை 1.5ஆல். கம்பி ஆலையில் உருவாகி, சோதிக்கப்பட்டு வருகிறது. கான்கிரீட்டோ களத்தில், வெயிலில், சித்தாளின் தலைச்சட்டியில் உருவாகிறது. இரண்டு வகு எண்களுக்கும் உள்ள இடைவெளி பெருமளவு சந்தேகத்தின் அளவுதான்.

இன்னும் கிட்டே போய்ப் பார்ப்போம். எம் 20 கான்கிரீட் என்றால் சதுர மில்லிமீட்டருக்கு 20 நியூட்டன் தாங்க வேண்டும். எல்லாக் கலவையும் ஒரே மாதிரி வராது என்பதால் சராசரியை அதற்கு மேலே வைக்கச் சொல்கிறது விதி: 20உடன், முடிவுகளின் சிதறலை (திட்ட விலக்கத்தை) 1.65ஆல் பெருக்கிக் கூட்ட வேண்டும். இந்தச் சிதறலில்தான் சூட்சுமம். கலவையின் உண்மையான சிதறல் 3 என்றும், சோதனையின் ஒழுங்கீனத்தால் வரும் சிதறல் 4 என்றும் வைத்துக்கொள்வோம். இரண்டும் வர்க்கக் கணக்கில் கூடும். காகிதத்தில் தெரிவது 5. ஒழுங்காகச் சோதித்தால் 24.95 போதும், இப்போது 28.25 வேண்டும். அந்த 3.3 நியூட்டனுக்கும் சிமெண்ட் போட்டாக வேண்டும். கான்கிரீட்டில் குறையே இல்லை. குறை அச்சுப்பெட்டியில், நீரில் ஊறாத க்யூபில், கோணலான முகத்தில். அதற்குத்தான் ஒவ்வொரு கன மீட்டருக்கும் தண்டம் கட்டுகிறோம்.

பிழை இரண்டு பக்கமும் வெட்டும். க்யூபின் முகம் சமமாக இல்லாவிட்டால் எண் குறைந்து வரும். நல்ல கான்கிரீட்டைத் துளைத்துப் பார்க்கவும் இடிக்கவும் நேரும். க்யூபை உலரவிட்டு, பளுவை வேகமாக ஏற்றினால் எண் கூடிவரும். மோசமான கான்கிரீட் தப்பிவிடும். புள்ளியியல்காரர்கள் முதலாவதை உற்பத்தியாளரின் அபாயம் என்றும் இரண்டாவதை நுகர்வோரின் அபாயம் என்றும் சமமாகப் பிரித்துவைக்கிறார்கள். நடைமுறையில் சமம் ஏது? முதல் பிழையால் நஷ்டப்படும் ஒப்பந்ததாரர் அன்றைக்கே சத்தம் போடுவார். சோதனை முடிவு வர 28 நாள். அதற்குள் மேல்தளம் ஏறிவிடும். இரண்டாவது பிழை பூச்சுக்குள் போய் ஒளிந்துகொண்டு, பத்து வருஷம் கழித்து, துருப்பிடித்த கம்பியாக, குடியிருப்பவரிடம் வந்து வசூல் கேட்கும்.

2021 ஆகஸ்டில் சென்னை புளியந்தோப்பு கே.பி. பார்க் அடுக்குமாடிக் குடியிருப்பில் கைபட்டாலே சுவர்ப்பூச்சு உதிர்வதை அங்கே குடியேறிய மக்கள் ஊருக்குக் காட்டினார்கள். அதன் பிறகு சென்னை ஐ.ஐ.டி. ஆய்வுக்கு அழைக்கப்பட்டது. பூச்சு வேறு, கான்கிரீட் வேறு. ஆனாலும் வரிசையைக் கவனியுங்கள். விரல் முதலில் சோதித்தது, கருவி பிறகு வந்தது. லண்டனில் கிராண்ட் செய்தது இதற்கு நேர்மாறு.

சிறு நகரத்தில் கடன் வாங்கி வீடு கட்டுகிறவருக்கு விரல்கூட இல்லை. 'ஒரு மூட்டை சேர்த்துப் போட்டுருங்க மேஸ்திரி' என்பதுதான் அவருடைய பாதுகாப்புக் காரணி. அறியாமைக்கான வரியை அவர் சிமெண்டாகவே கட்டுகிறார். 'சோதனைக்கு வேற தனிச் செலவா?' என்று கேட்பவர்களுக்கு இதுதான் பதில்: அந்தச் செலவை நாம் ஏற்கெனவே செய்துகொண்டுதான் இருக்கிறோம், தகவல் எதுவும் கைக்கு வராமல். குறைந்தபட்சம் பொதுப்பணத்தில் எழும் கட்டடங்களிலாவது ஒவ்வொரு தளத்தின் க்யூப் முடிவும், சோதித்த நாளும், சோதித்த கூடத்தின் பெயரும் கட்டட வாசலில் எழுதிவைக்கப்பட வேண்டும். அங்கே குடியேறப் போகிறவர்கள் அதைக் கேட்டு வாங்க வேண்டும்.