ஒரே பட்டம், ஆயிரம் குடும்பம்: கல்வராயன் மலையில் வேர் தேடுவது எப்படி?

பாஸ்போர்ட் விண்ணப்பத்தில் ஒரு கட்டம் இருக்கிறது. "குடும்பப் பெயர்" என்று கேட்கும். அந்த இடத்தில் பேனாவை வைத்துக்கொண்டு யோசிக்காத தமிழர் குறைவு. சிலர் அப்பா பெயரை எழுதுவார்கள், சிலர் காலியாக விடுவார்கள். காரணம் எளிமையானது. தமிழ்நாட்டில் பெரும்பாலானவர்களுக்குக் குடும்பப் பெயர் என்ற ஒன்று கிடையாது. இருப்பது இனிஷியல்.

இந்த இனிஷியலில் ஒரு சிக்கல் உண்டு. ராமசாமியின் மகன் முருகன் என்றால் "ரா. முருகன்". முருகனின் மகன் செல்வம் என்றால் "மு. செல்வம்". தாத்தா ராமசாமி இப்போது எங்கே? பெயரிலிருந்து காணாமல் போய்விட்டார்! ஒவ்வொரு தலைமுறையும் பழைய கணக்கை மூடிவிட்டுப் புதிய நோட்டைத் திறக்கிறது. முந்தைய நோட்டின் பாக்கி அடுத்த நோட்டுக்கு வருவதில்லை.

அப்படியானால் தமிழர்கள் தங்கள் வம்சத்தை எதை வைத்துக் கண்டுபிடிப்பது? இதற்கு நல்ல உதாரணம் கள்ளக்குறிச்சிக்கு மேற்கே இருக்கும் கல்வராயன் மலை.

கவுண்டன் என்றால் யார்?

கல்வராயன் மலையில் வாழும் பெரும்பான்மையோர் மலையாளி என்ற பழங்குடியினர். பெயரைப் பார்த்துக் கேரளா என்று நினைத்துவிட வேண்டாம். மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வந்த பெயர் இது. பேசுவது தமிழ்தான். 2011 மக்கள்தொகைக் கணக்குப்படி தமிழ்நாட்டில் மலையாளிகள் 3,57,980 பேர். மாநிலத்தின் பழங்குடிகளில் மிகப் பெரிய பிரிவு இவர்கள்தான்.

இவர்களின் பட்டப் பெயர் கவுண்டன். ஊரின் தலைவனைக் குறிக்கும் சொல். பழைய கன்னடக் கல்வெட்டுகளில் வரும் "காவுண்ட" என்பதும் இதே சொல்தான். ஒரு காலத்தில் பதவியாக இருந்தது பிறகு பட்டமாகி, கடைசியில் பெயரின் வாலாகிவிட்டது.

ஆனால் இந்த வாலை வைத்துக்கொண்டு ஒருவரின் குடும்பத்தைக் கண்டுபிடிக்க முடியுமா? முடியாது. கொங்கு வேளாளர்களுக்கும் கவுண்டர் பட்டம் உண்டு. சேலம், தர்மபுரிப் பக்கம் வன்னியர்களுக்கும் உண்டு. மலையாளிகளுக்கும் உண்டு. மூன்றும் வேறு வேறு சமூகங்கள். பட்டம் ஒன்று என்பதால் ரத்த உறவு என்று சொல்லிவிட முடியாது.

மூன்று ஜாகிர், மூன்று பெயர்

கல்வராயன் மலையில் குடும்பப் பெயருக்கு மிக நெருக்கமாக வரும் ஒன்று உண்டு. அது ஜாகிர்தார்களின் பெயர். கள்ளக்குறிச்சிப் பக்கத்து மலைப்பகுதி சடைய கவுண்டன், குறும்ப கவுண்டன், ஆரிய கவுண்டன் என்ற மூன்று ஜாகிர்களாக இருந்தது. விஜயநகரப் பேரரசர் கிருஷ்ணதேவராயர் காலத்தில் இந்த உரிமை தரப்பட்டது என்பது மலையில் வழங்கும் மரபு.

இதில் கவனிக்க வேண்டியது, சடைய கவுண்டன் என்பது ஒரே ஒரு ஆளின் பெயர் அல்ல. ஜாகிருக்கு வருகிற ஒவ்வொருவரும் அந்தப் பெயரிலேயே அறியப்பட்டார்கள். நூறு வருடத்துக்கு முந்தைய ஆவணத்திலும் சடைய கவுண்டன், ஐம்பது வருடத்துக்கு முந்தைய ஆவணத்திலும் சடைய கவுண்டன். வம்சம் தேடுகிறவருக்கு இது ஒரு வரம், கூடவே ஒரு தலைவலி. குடும்பம் எது என்று உடனே தெரிந்துவிடும். ஆனால் அது தாத்தாவா, கொள்ளுத் தாத்தாவா என்று தெரியாது!

சமவெளியில் ஜமீன்தாரி முறையை ஒழிக்க 1948-லேயே சட்டம் வந்துவிட்டது. கல்வராயன் மலையின் ஜாகிர் நிர்வாகம் முடிவுக்கு வந்து, மலை அரசின் நேரடி நிர்வாகத்தின் கீழ் வந்தது 1976-இல்தான். சுதந்திரம் கிடைத்து 29 வருடம் கழித்து! இந்த வருடத்தை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், பின்னால் தேவைப்படும்.

காஞ்சியிலிருந்து வந்த அண்ணன் தம்பிகள்

சாதாரண குடும்பங்களுக்கு ஜாகிர் பெயர் கிடையாது. அவர்களிடம் இருப்பது ஒரு கதை.

முன்னோர்கள் காஞ்சிபுரத்தில் இருந்தார்கள். அங்கிருந்து கரிராமன் என்ற தெய்வத்தோடு கிளம்பினார்கள். பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்று மூன்று சகோதரர்கள். ஆளுக்கொரு மலைக்குப் பிரிந்து போனார்கள். அவர்களின் வாரிசுகளே இன்று சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை போன்ற இடங்களில் இருப்பவர்கள். இதுதான் கதையின் சுருக்கம். எட்கர் தர்ஸ்டன் 1909-இல் வெளியிட்ட தென்னிந்தியக் குலங்களும் குடிகளும் பற்றிய ஏழு தொகுதி நூலில் இந்தக் கதை ஒன்றுக்கு மேற்பட்ட வடிவங்களில் இருக்கிறது. யார் எந்த மலைக்குப் போனார் என்பது வடிவத்துக்கு வடிவம் மாறுகிறது.

இது வரலாறா? கல்வெட்டு ஆதாரம் போல எடுத்துக்கொள்ள முடியாது. பெரியண்ணன், நடுவண்ணன், சின்னண்ணன் என்பவை பெயர்களே அல்ல, வரிசை எண்கள். ஆனால் கதை செய்கிற வேலை முக்கியம். நடுவில் சமவெளியும் ஆறும் இருக்கும் பல மலைகளில் சிதறிக் கிடப்பவர்களை "நாம் அண்ணன் தம்பி மக்கள்" என்று அது சொல்லி வைக்கிறது. எழுத்தே இல்லாமல் பல தலைமுறைக்கு ஒரு உறவுப் பதிவேட்டைக் காப்பாற்றிய முறை இது.

துப்பாக்கி வெடி

தர்ஸ்டன் நூலில் தென்னாற்காட்டு மலையாளிகளைப் பற்றி இன்னொரு குறிப்பும் உண்டு. அவர்கள் வருவதற்கு முன் மலையில் வேடர்கள் இருந்தார்களாம். வந்தவர்கள் வேட ஆண்களைக் கொன்று பெண்களை மணந்தார்களாம். அதனால்தான் கல்யாணத்தில் வானத்தை நோக்கித் துப்பாக்கி வெடிக்கிறார்கள், அது இறந்துபோன வேடக் கணவனைக் குறிக்கிறது என்று பதிவு செய்திருக்கிறார்கள்.

கதை கசப்பானது. ஆனால் குடும்பப் பெயர் மறைக்கிற ஒரு உண்மையை இது சொல்லிவிடுகிறது. குடும்பப் பெயர் எப்போதும் அப்பா வழியை மட்டுமே காட்டும். காஞ்சியிலிருந்து வந்தவர்கள் பாதி முன்னோர்கள்தான். மீதிப் பாதி ஏற்கெனவே மலையிலேயே இருந்த பெண்கள். பெயரை மட்டும் பிடித்துக்கொண்டு போகிறவருக்கு அந்தப் பாதி கண்ணில் படவே படாது.

பெயரன்

தமிழில் மகனின் மகனைப் பேரன் என்கிறோம். பெயரன் என்பதன் திரிபு அது. தாத்தாவின் பெயரைத் தாங்குபவன் என்று பொருள். ஆக, நம்மிடம் குடும்பப் பெயர் இல்லாவிட்டாலும், பெயர் ஒரு தலைமுறை விட்டு ஒரு தலைமுறை திரும்பி வருகிறது.

வீட்டில் பெரியவர்களிடம் விசாரிப்பவர்கள் இதில்தான் மாட்டிக்கொள்வார்கள். "சின்னசாமி மகன் ராமன், ராமன் மகன் சின்னசாமி" என்று சொல்லிக்கொண்டே போனால் இரண்டு சின்னசாமியும் ஒருவராகிவிடுவார்கள். அதனால் பெயரோடு ஊரையும், குலதெய்வத்தையும், பெண் எடுத்த ஊரையும் சேர்த்து எழுத வேண்டும். பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்று கேட்டால் இன்னும் தெளிவாகும். பங்காளி வீட்டில் பெண் எடுக்க முடியாது என்பதால் இந்தக் கணக்கில் யாரும் அவ்வளவு எளிதில் தவறு செய்யமாட்டார்கள்.

கடல் கடந்த கவுண்டர்

பட்டம் நிஜமாகவே குடும்பப் பெயராக மாறிய இடம் ஒன்று உண்டு. அது தென்னாப்பிரிக்கா. 1860 நவம்பர் 16 அன்று சென்னையிலிருந்து போன "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பனை அடைந்தது. அதிலிருந்து 1911 வரை 1,52,184 இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாக நேட்டாலுக்குக் கொண்டுபோகப்பட்டார்கள். பெரும்பகுதி சென்னை மாகாணத்திலிருந்து போனவர்கள். அங்கே பட்டங்கள் குடும்பப் பெயர்களாக உறைந்துவிட்டன. படையாட்சி "படயாச்சி" ஆனது. முதலி "மூட்லி" ஆனது. இன்று அங்கே பரவலாக இருக்கும் "கோவெண்டர்" என்ற பெயர் கவுண்டர் என்பதன் திரிபு என்றே கருதப்படுகிறது.

ஆனால் கோவெண்டர் என்ற பெயரைக் கொண்டு ஒருவர் ஊரைக் கண்டுபிடிக்க முடியாது. கண்டுபிடிக்க உதவுவது கப்பல் பட்டியல். அதில் ஒவ்வொருவருக்கும் ஒரு எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம் என்று தனித்தனிப் பத்தி உண்டு. கூலிக் கணக்குக்காக வெள்ளைக்காரன் எழுதியது, நூற்றைம்பது வருடம் கழித்துப் பேரப்பிள்ளைகள் ஊர் தேட உதவுகிறது! கவுண்டர் என்ற பட்டம் சொல்லாததை ஜில்லா, தாலுகா, கிராமம் என்ற மூன்று சொல் சொல்லிவிடுகிறது.

ஊர் மாறவில்லை, மாவட்டம் மாறியது

இதே பாடம் கல்வராயன் மலைக்கும் பொருந்தும். தாத்தாவின் காகிதத்தில் "தென்னாற்காடு மாவட்டம்" என்று இருக்கும். 1993-இல் விழுப்புரம் மாவட்டம் பிறந்தது, எனவே அப்பாவின் சான்றிதழில் "விழுப்புரம்". 2019 நவம்பர் 26 முதல் கள்ளக்குறிச்சி தனி மாவட்டம், பேரனின் சான்றிதழில் அதுதான். மூவரும் பிறந்தது ஒரே வீடாகக்கூட இருக்கலாம். மலையின் மறுபக்கம் சேலம் மாவட்டம். பங்காளி அந்தப் பக்கம் இருந்தால் அவர் ஆவணம் வேறு கலெக்டர் அலுவலகத்தில்.

இதெல்லாம் பொழுதுபோக்கு ஆராய்ச்சி என்று நினைத்தால் தவறு. பழங்குடிச் சாதிச் சான்றிதழ் கோட்டாட்சியர் தரவேண்டியது. அதைச் சரிபார்க்கும் முறையை 1994-இல் மாதுரி பாட்டீல் வழக்கில் உச்சநீதிமன்றம் வகுத்தது. குலதெய்வம் எது, கல்யாணச் சடங்கு என்ன, இறந்தவரை எப்படி அடக்கம் செய்வீர்கள் என்பதெல்லாம் விசாரணையில் வரும். 2023 மார்ச்சில் உச்சநீதிமன்றம் இன்னொன்றையும் தெளிவாக்கியது. சடங்கு பற்றிய கேள்விகள் மட்டுமே இறுதி அளவுகோல் ஆகாது, அரசியலமைப்புக்கு முந்தைய பழைய ஆவணங்களுக்கு அதிக மதிப்பு உண்டு என்றது.

இப்போது 1976-ஐத் திரும்ப நினைத்துப் பாருங்கள். அதுவரை ஜாகிர் நிர்வாகத்தில் இருந்த மலையில், 1950-க்கு முந்தைய அரசுக் காகிதம் ஒரு சாதாரண குடும்பத்திடம் இருப்பது எவ்வளவு அபூர்வம்! ஜாகிர்தாரின் பெயர் ஆவணத்தில் இருக்கும். அவருக்கு வரி கட்டியவர் பெயர் இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை.

இன்னொரு சிக்கலும் உண்டு. பழங்குடிப் பட்டியலில் மலையாளி என்ற பெயருக்குப் பக்கத்தில் தர்மபுரி, வடஆற்காடு, புதுக்கோட்டை, சேலம், தென்னாற்காடு, திருச்சிராப்பள்ளி மாவட்டங்கள் என்று எல்லை போட்டிருக்கிறது. ஈரோடு மாவட்டத்து பர்கூர் மலை பழைய கோயம்புத்தூர் மாவட்டத்தில் இருந்தது. அதனால் அங்குள்ள மலையாளிகளுக்குப் பழங்குடிச் சான்றிதழ் கிடைப்பதில்லை என்பது நீண்டகாலக் கோரிக்கை. பெரியண்ணன் வாரிசு பழங்குடி, சின்னண்ணன் வாரிசு இல்லை என்பது போல! அண்ணன் தம்பி உறவைக் கதை இணைத்தது, மாவட்டக் கோடு பிரித்தது.

சேர்த்து வைப்பது எது?

பட்டம் சேர்த்து வைக்கவில்லை, அரசுக் காகிதமும் முழுதாகச் சேர்த்து வைக்கவில்லை. அப்படியானால் எது?

செட்டிநாட்டைப் பாருங்கள். நாட்டுக்கோட்டை நகரத்தார் பர்மா, மலேயா, இலங்கை என்று பரவிய சமூகம். ஆனாலும் ஒன்பது நகரக் கோயில்களில் யார் எந்தக் கோயில் என்பது ஒவ்வொருவருக்கும் தெரியும். கல்யாணமான ஒவ்வொரு ஜோடியும் கோயிலில் ஒரு "புள்ளி". புள்ளிக்கு வரி உண்டு, வரி கட்டினால் கணக்கில் இருப்பார்கள். உறவு என்பது அங்கே ஒரு பேரேடு.

மற்ற ஊர்களில் இதையே தலைக்கட்டு வரி என்பார்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் வேலை பார்த்தாலும், கேரள எஸ்டேட்டில் மிளகு பறித்தாலும், திருவிழாவுக்கு ஊரில் தலைக்கட்டு வரி கொடுத்தவன் ஊர்க்காரன். கொடுக்காமல் விட்டால் இரண்டு தலைமுறையில் பெயர் மறந்துவிடும். தொகை சிறியதுதான். ஆனால் அந்த நோட்டில் வரும் பெயர்தான் "இவர் இன்னார் மகன், இந்த ஊர்" என்பதற்கு ஊர் தரும் சாட்சி.

எனவே வேர் தேட விரும்புகிறவர் முதலில் செய்ய வேண்டியது பட்டத்தின் பொருளை ஆராய்வது அல்ல. வீட்டில் மூத்தவர் உயிரோடு இருக்கும்போதே ஒரு நோட்டில் ஐந்து பத்தி போட வேண்டும்: பெயர், அப்பா பெயர், அம்மா பெயரும் அவர் பிறந்த ஊரும், குலதெய்வம், ஊர் (அப்போதைய தாலுகா, மாவட்டத்தோடு). பழைய பள்ளிச் சான்றிதழ், தீர்வை ரசீது எது கிடைத்தாலும் நகல் எடுத்து வைக்க வேண்டும். அம்மா ஊர்ப் பத்தியை விட்டுவிடக் கூடாது. மலையின் பாதிக் கதை அந்தப் பத்தியில்தான் இருக்கிறது.

கப்பல் ஏறியவனுக்கு அந்தப் பத்திகளை எழுத ஒரு குமாஸ்தா இருந்தான். மலையிலிருந்து பஸ் ஏறுகிறவனுக்கு யாரும் எழுதுவதில்லை. அதை அவன் வீட்டார்தான் எழுதி வைக்க வேண்டும்.