அப்பாவின் இரண்டாவது டம்ளர்

மதுரையிலிருந்து அப்பாவைப் புனேவுக்குக் கூட்டிவந்து மூணு வருஷமாச்சு. பார்க்கின்சன். காலையில் ராஸ்தா பேட்டில் வாங்கின பொடியில் டிகாக்‌ஷன் இறக்கி ஒரு டம்ளர் கொடுத்தால், "இன்னொண்ணு கிடைக்குமாடா?" என்பார். கூடாது என்பாள் தங்கமணி. கொடுக்கலாம் என்பேன் நான். இதற்குத் தீர்ப்பு தேடித்தான் பி.காம். மூளையை வைத்துக்கொண்டு மூளையைப் பற்றிப் படிக்க ஆரம்பித்தேன்.

அப்பாவின் மாத்திரை லெவோடோபா. மூளைக்குள் போய் டோபமைனாக மாறுகிறது. இதில் நம்மூர்க் கதை ஒன்று உண்டு. 1937-லேயே சென்னைப் பல்கலைக்கழக உயிர்வேதியியல் ஆய்வுக்கூடத்தில் தாமோதரன், ராமசாமி என்ற இருவர் பூனைக்காலி விதையிலிருந்து இதைப் பிரித்தெடுத்திருக்கிறார்கள். பார்க்கின்சனுக்கு ஆகும் என்று அன்றைக்கு யாருக்குத் தெரியும்? 1957-ல் ஸ்வீடனில் அர்விட் கார்ல்சன், ரெசர்பின் கொடுத்து அசைவில்லாமல் கிடந்த முயல்களுக்கு லெவோடோபா போட்டார். எழுந்து நடமாடின! (அந்த ரெசர்பினும் நம்ம சர்ப்பகந்தா வேர்ச் சரக்குதான்.) 2000-ல் அவருக்கு நோபல்.

சரி, காபி எங்கே வந்தது? மூளையின் ஸ்ட்ரியேட்டம் பகுதியில், அசைவுக்கு பிரேக் போடும் செல்கள் இருக்கின்றன. டோபமைன் தன் டி2 ஏற்பி வழியாக பிரேக்கைத் தளர்த்தும். அதே செல்லில் ஏ2ஏ ஏற்பி வழியாக அடினோசின் இறுக்கும். இரண்டு பேர் சண்டை போடும் ஜாயிண்ட் அக்கவுண்ட் மாதிரி :-) அதோடு விடவில்லை. அடினோசின் வந்து உட்கார்ந்தால், டி2 டோபமைனைப் பிடிக்கும் பிடியே தளர்கிறது என்று 1991-ல் ஸ்டாக்ஹோமில் ஃபெர்ரே, ஃபூக்ஸே குழுவினர் எலி மூளையில் காட்டினார்கள். காபியிலுள்ள காஃபீன் அடினோசினின் நாற்காலியில் துண்டு போட்டு உட்கார்ந்துகொள்கிறது. வேலை ஒன்றும் செய்யாது, ஆனால் இடமும் விடாது.

2000-ல் ஹவாயில் 8,004 ஆண்களைப் பற்றி வந்த ஆய்வில், காபி குடிப்பவர்களுக்குப் பார்க்கின்சன் குறைவு. ஏ2ஏவை அடைக்கும் இஸ்ட்ரடெஃபிலின், லெவோடோபாவுக்குத் துணை மருந்தாக ஜப்பானில் 2013-லும் அமெரிக்காவில் 2019-லும் அனுமதி பெற்றது. ஜெயித்துவிட்டேன் என்று நினைத்தேன். அப்புறம்தான் 2017 ஆய்வு கண்ணில் பட்டது: ஏற்கெனவே நோய் வந்தவர்களுக்கு தினம் இருவேளை 200 மில்லிகிராம் காஃபீன் கொடுத்தும் அசைவில் முன்னேற்றம் இல்லை.

டாக்டரிடம் கேட்டோம். தூக்கம் கெடாமல் காலையிலேயே குடிக்கட்டும் என்றார். இப்போது இரண்டு தடவை, அரை டம்ளர் அரை டம்ளராக. முழுசாக ஊற்றினால் நடுக்கத்தில் சிந்திவிடுகிறது.