பழைய ரிவால்வர்: வயதும் விலையும்

பழைய துப்பாக்கி ஒன்று கைக்கு வந்தால் பெரும்பாலோர் முதலிற் செய்வது, துருவைத் தேய்த்துப் பளபளப்பாக்குவதேயாகும். இதனினும் பெரிய பிழை வேறில்லை. அதன் வயதைச் சொல்லும் நுண்ணிய முத்திரைகளும் துருவோடு சேர்ந்து போய்விடும்.

19ஆம் நூற்றாண்டில் ஐரோப்பாவில் பெருவழக்காயிருந்த லெஃபோஷே ரிவால்வரை எடுத்துக்கொள்வோம். இதன் தோட்டாவின் அடியில், பக்கவாட்டில் ஓர் ஊசி துருத்தி நிற்கும். சுத்தியல் அவ்வூசியை அடிக்க, உள்ளேயுள்ள மருந்து தீப்பற்றும். ஆகவே, தோட்டாக்களை ஏற்றும் உருளையின் பின்விளிம்பில் ஊசிகளுக்கான சிறு வெட்டுகள் காணப்படின் துப்பாக்கி இவ்வகையினது எனத் துணியலாம். எழேன் லெஃபோஷே என்னும் பிரெஞ்சுக்காரர் இதற்கு உரிமம் பெற்றது 1854இல்; பிரெஞ்சுக் கடற்படை ஏற்றுக்கொண்டது 1858இல். எனவே வயதுக்கு ஒரு மேல்வரம்பு கிடைத்துவிட்டது.

மற்றோர் எல்லையை முத்திரை தரும். இவ்வகைத் துப்பாக்கிகள் பெல்ஜியத்தின் லியேஜ் நகரில் ஏராளமாகச் செய்யப்பட்டன. அந்நகரின் சோதனைச் சாலை, நீள்வட்டத்துள் ஈ.எல்.ஜி. என்ற எழுத்துகளையும் ஒரு விண்மீனையும் பொறித்தது. அவ்வட்டத்தின்மேல் முடி சேர்ந்தது 1893இல். முடியின்றி வட்டம் மட்டும் இருப்பின், அத்துப்பாக்கி அதற்கு முற்பட்டதென்க. வரிசை எண்ணை மட்டும் கண்டு வயதைக் கணிப்போர் ஏமாறுவர். ஒவ்வொரு பட்டறையும் தன் கணக்கைத் தனியே எண்ணிற்று.

இனி விலை. சாதாரண லெஃபோஷே சில நூறு யூரோவுக்கே கிடைக்கும். ஆனால் 1873 ஜூலை 10ஆம் நாள் கவிஞர் பால் வெர்லேன் பிரஸ்ஸல்ஸில் வாங்கி, அன்றே தம் நண்பர் ரேம்போவின் மணிக்கட்டிற் சுட்ட துப்பாக்கி 2016இல் பாரிஸ் ஏலத்தில் 434,500 யூரோ பெற்றது. வெர்லேனுக்கு இரண்டாண்டுச் சிறை கிடைத்தது. துப்பாக்கியிலுள்ள 14096 என்னும் எண் கடைக்காரரின் பேரேட்டிலும் இருந்தமையே அதற்கு அடையாளம். இரும்பு தராத விலையைத் தாள் தந்தது.

ஓவியர் வான்கோவின் துப்பாக்கி எனப்படுவது இதற்கு மாறானது. 1890 ஜூலையில் அவர் ஓவேர் ஊரில் தம்மைச் சுட்டுக்கொண்டார். பல்லாண்டு கழித்து, அவ்வூர் வயலில் உழவர் ஒருவர் துருவேறிய லெஃபோஷே ஒன்றைக் கண்டெடுத்தார். ஓவியர் உடலிலிருந்த குண்டும் இதன் குழலும் ஒரே அளவாகிய 7 மில்லிமீட்டர். அரிப்பின் தன்மை, அது நெடுங்காலம் மண்ணிற் கிடந்ததைக் காட்டிற்று. வான்கோவின் கையில் இருந்ததைக் காட்டவில்லை. எழுத்துச் சான்று ஏதுமில்லை. எனினும் 2019இல் அது 162,500 யூரோவுக்கு விலைபோயிற்று. இவ்விலை மிகையென்பதே என் கருத்து. ஆயினும் ஒன்று: அவ்வுழவர் அன்றே துருவைத் தேய்த்திருந்தால் மண்ணிற் கிடந்தமைக்குரிய அந்தச் சான்றும் இன்றி ஒழிந்திருக்கும்.